காண்டலும் கணித்தலும் உணர்த்தலும்

சென்ற திங்கள் நம் சங்கத்து அன்பர் ஒருவர் நமக்கொரு கடிதம் விடுத்திருந்தார். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து பிழைப்பை நாடிச் சித்தூர் வட்டத்தில் வந்து குடியேறிய குடும்பத்தைச் சார்ந்தவர் அவர். தென்னந்தோப்பு ஒன்றில் மேற்பார்வை பார்த்து வருகின்றார். அவர்தம் மூத்த மகள் பௌதிகத்தில் முதுகலை வகுப்புப் பயில்கின்றாள். இவ்வாண்டோடு அப்படிப்பு முடிவுறுகின்றது. கடிதத்தின் சாரம் வருமாறு:

“பிள்ளை மேலும் வானநூல் படிக்க வேண்டும் என்கின்றாள். அதனோடும் நில்லாமல், அந்நூலைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்லும் கலையிலும் பயிற்சி பெற வேண்டும் என்கின்றாள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நின்றால் எதில்தான் தேறுவாள்? அவளுக்குப் பின்னே இரண்டு பிள்ளைகள் இருக்கின்றனர். உறவினர் கேட்கும் கேள்விக்கு விடை சொல்லவும் எனக்குத் தெரியவில்லை. தாங்கள் ஒரு வழி காட்ட வேண்டும்.”

இக்கவலை அவ்வன்பர் ஒருவருடையது அன்று. சித்தூரிலும் கொழிஞ்சாம்பாறையிலும், மூணாறு பீருமேட்டுத் தேயிலை மலைகளிலும் வாழும் நம்மவர் இல்லங்களிலே பட்டம் பெறும் முதல் தலைமுறை இப்பொழுதுதான் தலையெடுத்து வருகின்றது. ஆசிரியர் வேலை, வங்கி வேலை, மருத்துவமனை வேலை என்பன நாம் கண்டறிந்த பாதைகள். விண்மீனை ஆராய்ந்து, ஆராய்ந்ததை ஊராருக்கு உரைத்து, அதனாலே உண்டு உடுத்து வாழ்வது என்பது நாம் காணாத பாதை. காணாத பாதையில் மகளை அனுப்பத் தந்தை தயங்குவது இயல்பே. ஆகவே விடையெழுதுமுன் அன்பர் இல்லத்திற்கே சென்று, அப்பெண்ணை நேரிற் கண்டு பேசிவரலாம் என்று புறப்பட்டோம்.

“ஏனம்மா, இரண்டில் ஒன்று போதாதா?” என்று வினவினோம். அவள் உடனே விடை கூறவில்லை. திண்ணையில் அமர்ந்திருந்த தன் அப்பத்தாளை ஒருமுறை பார்த்தாள். பிறகு, 2019-ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சொல்லலானாள்.

அவ்வாண்டு டிசம்பர்த் திங்கள் 26-ஆம் நாள் காலையில் தென்னாட்டின் வழியே ஒரு கங்கண சூரிய கிரகணம் சென்றதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோயம்புத்தூரில் ஞாயிறு ஒரு பொன்வளையமாகத் தோன்றிற்று. நம் சித்தூரிலும் காலை ஒன்பதரை மணியளவில் வெகுவாக மறைந்து, வெயில் மங்கி நின்றது. பல இல்லங்களின் கதவுகள் அடைத்தே கிடந்தன. பள்ளிச் சிறுமியாக இருந்த அப்பெண், ஆசிரியர் கொடுத்த கிரகணக் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, “அப்பத்தா, இது வெறும் நிழல்தான், பயப்பட ஒன்றுமில்லை, வெளியே வாருங்கள்” என்று அழைத்திருக்கின்றாள். முதியவர் கேட்டது ஒரே கேள்வி: “பயப்பட ஒன்றுமில்லை என்றால், கண்ணுக்கு ஏன் கண்ணாடி போடச் சொல்கிறாய்?”

சிறுமி திகைத்துப் போனாள். கிரகணம் எவ்வாறு உண்டாகின்றது என்று படம் வரைந்து மதிப்பெண் பெற்றவள்தான். ஆயினும் அப்பத்தாளின் கேள்விக்கு விடை அவள் வாயில் வரவில்லை. கதவு சாத்தப்பட்டது. கிரகணம் நீங்கும் மட்டும் இருவரும் உள்ளேயே இருந்தனர். “ஐயா, அன்று எனக்குப் பாடம் தெரிந்திருந்தது, சொல்லத் தெரியவில்லை. இப்பொழுது சொல்லத் தெரிந்த சிலரைப் பார்க்கின்றேன். அவர்களுக்குப் பாடம் தெரியவில்லை. எனக்கு இரண்டும் வேண்டும்” என்றாள் அவள்.

இவ்விடையைக் கேட்டபின், தந்தையார் எண்ணுவதுபோல் இவை இரண்டு தோணிகள் அல்ல என்றும், ஒரே தோணியின் இரு துடுப்புகள் என்றும் நமக்குத் தோன்றிற்று. அதற்கு நம் நாட்டு வரலாற்றிலேயே சான்றுகள் உள்ளன.

நம் வீடுகளிலே ஆண்டுதோறும் பஞ்சாங்கம் வாங்குகின்றோம். வாக்கியப் பஞ்சாங்கம் என்றும் திருக்கணிதப் பஞ்சாங்கம் என்றும் அது இருவகைப்படும். ‘திருக்கணிதம்’ என்பதிலுள்ள ‘திரு’ மங்கலச் சொல் என்றே பலரும் நினைக்கின்றனர். அஃது அவ்வாறன்று. ‘த்ருக்’ என்னும் வடசொல்லுக்குப் பார்வை என்பது பொருள். த்ருக்கணிதம் என்பதே நம் நாவில் திருக்கணிதமாயிற்று. கண்ணாற் கண்டதோடு ஒத்துப்போகும் கணிதம் என்பது அதன் கருத்து. காண்டலையும் கணித்தலையும் இணைத்த பெயர் அது.

அப்பெயர் கொண்ட நூலை 1431-ஆம் ஆண்டில் இயற்றியவர் பரமேசுவரர் என்னும் கேரளத்து அறிஞர். நம் சித்தூரைத் தழுவியோடும் சோகநாசினி, பறளியில் கல்பாத்திப் புழையோடு கூடிப் பாரதப்புழையாகி மேற்கே செல்கின்றதன்றோ? அந்நிளைநதி கடலொடு கலக்கும் பக்கத்தில் உள்ள ஆலத்தியூரில் வாழ்ந்தவர் அவர். பல்லாண்டுகள் கிரகணங்களை நேரில் நோக்கி, பழைய கணக்கு கண்ணுக்கு ஒவ்வாதவிடத்துக் கணக்கைத் திருத்தினார். அவர் வழியில் வந்த சேட்டதேவர் என்பார், 1530-ஆம் ஆண்டையொட்டி ‘யுக்திபாஷை’ என்னும் நூலை எழுதினார். கணிதமும் வானநூலும் வடமொழிச் செய்யுளிலே சூத்திரமாக இருந்த காலத்தில், ஒவ்வொரு விதிக்கும் காரணத்தை விளக்கி, அதனை நாட்டு மொழியாகிய மலையாளத்தில், அதுவும் உரைநடையில் எழுதியதே அந்நூலின் பெருமை. கண்டு, கணித்து, பிறகு தம் மக்கள் மொழியில் காரணம் உரைத்த மரபு நம் ஆற்றங்கரையிலேயே இருந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

காரணம் உரையாத கணிதம் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. புதுச்சேரியிலே தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர், ஏடும் எழுத்தாணியும் இன்றித் தரையிலே சோழிகளைப் பரப்பி, மனப்பாடமான வாய்பாடுகளைக்கொண்டே 1825-ஆம் ஆண்டின் சந்திர கிரகணம் ஒன்றைக் கணித்துக் காட்டினார். அதனைக் கண்டெழுதியவர் ஜான் வாரன் என்பவர். கிரகணத் தொடக்கத்திற்கு அவர் சொன்ன நேரத்தில் 4 நிமிடமே பிழை இருந்ததாம். வியக்கத்தக்க திறமை! ஆயினும் அம்முறை ஏன் பலிக்கின்றது என்னும் தத்துவத்தை அக்கணிதர் அறியார் என்றும் வாரன் குறித்துள்ளார். கைமுறை மட்டும் தலைமுறை தலைமுறையாக வந்தது. காரணம் வழியிலே உதிர்ந்துபோயிற்று. எடுத்துரைப்பார் இல்லாத அறிவுக்கு நேர்வது இதுவே.

இனி, வானாராய்ச்சியும் மக்களுக்கு உணர்த்தலும் ஒருவரிடமே கூடியிருந்த நம் நாட்டு உதாரணத்தைக் காண்போம். அவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. சென்னை நுங்கம்பாக்கத்திலே 1792-ஆம் ஆண்டில் அமைந்த வானாய்வுக் கூடத்தில், தலைவர் போக்சன் துரையின் கீழ் முதல் உதவியாளராக விளங்கியவர். 1871-ஆம் ஆண்டு டிசம்பர் 12-ஆம் நாள் நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தைக் காண அப்போக்சன் துரை நம் அண்டையிலுள்ள அவிநாசிக்கு வந்து கருவிகளை நிறுத்தினார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது.

ரகுநாதாச்சாரி 1867-இல் ரெட்டிகுலம் என்னும் தென்வான மீன்கூட்டத்திலே ஒளி கூடிக் குறையும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். 1872-இல் இலண்டன் அரச வானநூற் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. இவ்வளவோடு அவர் அமைந்திருந்தாலும் அவர் பெயர் நிலைத்திருக்கும். ஆயினும் அவர் அமையவில்லை. 1874-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் சுக்கிரன் ஞாயிற்றின் முகத்தைக் கடந்து செல்ல இருந்தது. ஒளித்தட்டின்மேல் ஒரு கரும்புள்ளி மெல்ல ஊர்ந்து செல்வதே அக்காட்சி. அதனைப் பல இடங்களிலிருந்து நோக்கி, பூமிக்கும் ஞாயிற்றுக்கும் உள்ள தொலைவைக் கணக்கிடலாம். அத்தொலைவு சுமார் 15 கோடி கிலோமீட்டர் என்பதை இன்று அறிவோம். 1769-க்குப் பிறகு அக்காட்சி நிகழவே இல்லை. ஆகவே அதனைக் கண்டவர் எவரும் அப்பொழுது உயிரோடில்லை. பஞ்சாங்கம் பார்ப்பவர்களும் பொதுமக்களும் குழப்பமுறாதவாறு ரகுநாதாச்சாரி ஒரு சிறு நூல் எழுதி, ஆங்கிலத்தில் மட்டுமன்றிக் கன்னடம், உருது முதலிய நாட்டு மொழிகளிலும் வெளியிட்டார். பண்டிதர் ஒருவரோடு நிகழும் உரையாடலாக அதனை அமைத்தார். எதிரிலே கேட்பவர் ஒருவர் அமர்ந்திருக்கின்றார், அவருக்கும் கேள்விகள் உண்டு என்பதை அவர் மறக்கவில்லை என்பதே இதன் பொருள். திருக்கணிதப் பஞ்சாங்கம் ஒன்றையும் அவர் வெளியிட்டு வந்தார். 1880-இல் மறைந்தார்.

அவரை எந்தப் பல்கலைக்கழகமும் எடுத்துரைக்கும் கலையில் பயிற்றவில்லை. அவர் தாமே முயன்று கற்றார். அப்படியாயின் இக்காலத்தில் அதற்கெனத் தனிப் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அப்பத்தாளின் வினாவையே எடுத்துக்கொள்வோம்.

கிரகணத்தின்போது ஞாயிற்றிலிருந்து புதிய கேடு எதுவும் புறப்படுவதில்லை. நாள்தோறும் வரும் அதே ஒளிதான் வருகின்றது. சற்றுக் குறைவாகவே வருகின்றது. ஆனால், மற்ற நாட்களில் ஞாயிற்றை ஏறிட்டு நோக்கினால் கண் கூசும். இமை தானே மூடிக்கொள்ளும். கிரகண நாளிலோ, வெயில் மங்கியிருப்பதால் கூச்சம் குறைகின்றது. புதுமை காணும் ஆவலோ மிகுகின்றது. ஆகவே நெடுநேரம் உற்று நோக்கிவிடுகின்றோம். எஞ்சிய ஒளிக்கீற்று விழித்திரையைச் சுட்டுவிடுகின்றது. அங்கே நோவு தெரியும் நரம்பு இன்மையால் சுடுவதையும் நாம் உணர்வதில்லை. கேடு கிரகணத்தில் இல்லை. காப்பின்றி உற்றுப் பார்ப்பதில் உள்ளது. திண்ணையில் அமர்ந்திருப்பவருக்கும், சமைப்பவருக்கும், கருவுற்றிருப்பவருக்கும் அதனால் ஒரு தீங்கும் இல்லை.

இவ்விடையில் கடினமான கணிதம் எதுவும் இல்லை. ஆயினும் இதனைச் சொல்ல இரண்டு திறங்கள் வேண்டும். ஒளியும் கண்ணும் எவ்வாறு இயங்குகின்றன என்று ஐயமற அறிந்திருத்தல் ஒன்று. கேட்பவரின் கேள்விக்குள்ளே இருக்கும் நியாயத்தைக் கண்டுகொள்ளுதல் மற்றொன்று. அப்பத்தாள் மூடநம்பிக்கையினால் வினவவில்லை. பேத்தியின் பேச்சிலிருந்த முரண்பாட்டைக் கண்டே வினவினார். அதனை உணராதவர், ‘இவர்களுக்குச் சொல்லிப் புரியாது’ என்று எழுந்து போய்விடுவர். பயிற்சி என்பது அவ்வாறு எழுந்து போகாமலிருக்கக் கற்பதேயாம்.

அது கருவியைத் தேர்ந்தெடுக்கவும் கற்பிக்கும். முழுக்கிரகணம் ஏன், கங்கண கிரகணம் ஏன் என்பதைப் படம் இன்றியே விளக்கலாம். முழுநிலா நாளில் கையை நீட்டி, இரு விரலிடையே ஒரு துவரை மணியைப் பிடித்துப் பாருங்கள். அச்சிறு மணி நிலவையே மறைத்துவிடும். சிறியது அருகில் இருந்தால் பெரியதை மறைக்கும் என்பது விளங்கிற்றா? ஞாயிறு நிலவைப்போல் சுமார் 400 மடங்கு அகலமுடையது; சுமார் 400 மடங்கு தொலைவிலும் உள்ளது. ஆகவேதான் இரண்டும் நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தோன்றுகின்றன. நிலவின் பாதை சரிவட்டம் அன்று; அது நமக்குச் சுமார் 3,63,000 கிலோமீட்டர் வரை அணுகியும், 4,05,000 கிலோமீட்டர் வரை விலகியும் செல்கின்றது. விலகிய காலத்தில் மறைத்தால், துவரை மணி போதாமல் விளிம்பு மிஞ்சும், அவ்விளிம்பே கங்கணம். அடுக்களைத் துவரையால் விளக்கத் தெரிந்தவருக்கு ஆயிரம் ரூபாய்க் கருவி தேவையில்லை. ஆனால், இப்பயிற்சியை நிலவைக்கொண்டே செய்யவேண்டும். ஞாயிற்றைக்கொண்டு செய்யலாகாது என்பதையும் உடன் சொல்லவேண்டும். அதுவும் பயிற்சியில் அடங்கியதே.

நிற்க. இவ்விரண்டையும் இணைத்துக் கற்பிக்கும் ஏற்பாடு உலகில் உண்டா என்று கேட்கின்றார் தந்தையார். உண்டு. நெதர்லாந்து நாட்டின் லைடன் நகரத்து வானாய்வுக் கூடம் 1633-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்றது. அங்குள்ள பல்கலைக்கழகத்தின் இரண்டாண்டு வானநூல் முதுநிலைப் பட்டத்திலே, அறிவியலை மக்களுக்கு உணர்த்தும் கலையைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட பிரிவு ஒன்று அமைந்துள்ளது. வானநூற் பாடங்களும் ஆராய்ச்சியும் ஒரு பங்கு. எழுதுதல், பேசுதல், பத்திரிகை கண்காட்சி முதலிய இடங்களில் பயிற்சி பெறுதல் மற்றொரு பங்கு. உலக வானநூலார் அனைவரும் கூடிய சர்வதேச வானியல் சங்கமும், வானநூலைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்வதற்கென்றே 2012-இல் டோக்கியோவில் ஓர் அலுவலகம் நிறுவியுள்ளது. ஆகவே இது வீண் கனவு அன்று. உலகம் ஒப்புக்கொண்ட ஒரு துறை. ஆயினும் ஐரோப்பியக் கல்விச் செலவு நம் போன்றோர்க்கு எளிதில் எட்டாதது. உதவித்தொகை கிடைத்தால் அன்றிக் கடன்பட்டு அங்கே செல்லுமாறு நாம் எவருக்கும் சொல்ல மாட்டோம்.

நம் நாட்டிலோ, மாணவர் பெரும்பாலும் இவ்விரண்டையும் தாமே இணைத்துக்கொள்ள வேண்டியவராக உள்ளனர். முதலாவது வானநூல். திருவனந்தபுரத்தை அடுத்த வலியமலையிலுள்ள இந்திய விண்வெளி அறிவியல் தொழில்நுட்ப நிறுவனத்தில் வானநூல் மேற்பட்டம் உண்டு. ஐதராபாத் உஸ்மானியாப் பல்கலைக்கழகத்திலும் வானநூலுக்குத் தனித் துறை உண்டு. ஆராய்ச்சிப் பட்டத்திற்குப் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனமும், 1988-இல் புனேயில் தோன்றிய பல்கலைக்கழகங்களின் கூட்டு வானியல் மையமும் பெயர்பெற்றவை. ‘ஜெஸ்ட்’, ‘கேட்’, ‘நெட்’ முதலிய தேர்வுகளே இவற்றின் வாயில்கள். பெற்றோர் அறிய வேண்டியது ஒன்றுண்டு: ஆராய்ச்சி மாணவர் பணம் கட்டிப் படிப்பவர் அல்லர், உதவித்தொகை பெற்றுப் படிப்பவர். இளநிலை ஆராய்ச்சியாளர்க்கு மாதம் 37,000 ரூபாயும் வீட்டு வாடகைப் படியும் என்று 2023 ஜனவரி முதல் நடைமுறைக்கு வருமாறு மத்திய அரசு வகுத்தது. பின்னுள்ள இரு பிள்ளைகளின் படிப்பை மூத்தவளின் படிப்பு விழுங்கிவிடாது.

பெங்களூர் நிறுவனத்தின் ஆய்வுக்கூடங்கள் நமக்கு அயலானவை அல்ல. பொள்ளாச்சி, பழனி வழியாக நாம் ஏறிச் செல்லும் கொடைக்கானலிலே 1899-இல் நிறுவப்பெற்ற சூரிய ஆய்வுக்கூடம் அவற்றுள் ஒன்று. சூரியப் புள்ளிகளிலே வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அங்கேதான். அவருடைய துணைவியார் மேரி எவர்ஷெட் அம்மையாரும் வானநூலார். சூரியனை ஆராய்ந்ததோடு, தென்வானத்து விண்மீன்களை எளியோரும் அடையாளம் காண ஒரு கையேடும், பழங்கால வானநூல் பற்றிய நூலும் எழுதியவர். நம் மலையின் மேலேயே இரு துடுப்பும் வலித்த ஒரு பெண்மணி வாழ்ந்திருக்கின்றார்.

இரண்டாவது, உணர்த்தும் பயிற்சி. பெங்களூர் நிறுவனத்தில் மக்கள் தொடர்புக்கும் அறிவியற் பரப்புக்கும் தனிப் பிரிவே உள்ளது. ஆராய்ச்சி செய்துகொண்டே அதில் பங்குகொள்ள இயலும். புதுதில்லியில் 2021-இல் அமைக்கப்பெற்ற அறிவியல் தொடர்பு மற்றும் கொள்கை ஆராய்ச்சிக்கான தேசிய நிறுவனம், இக்கலையையே ஆராய்ச்சிப் பொருளாகக் கொண்டுள்ளது. உண்மையை மறைத்தலும் தகாது. இப்பணிக்கென்றே 1989-இல் மத்திய அரசு நிறுவிய ‘விக்யான் பிரசார்’ என்னும் அமைப்பு, 2023-இல் மூடப்பட்டுவிட்டது. உணர்த்தும் கலையை மட்டுமே நம்பி நிற்போர்க்கு நிலையான ஊதியம் அரிது. ஆகவேதான் ஆழமான வானநூற் கல்வியை முதற்கண் வைக்கின்றோம். ஆராய்ச்சியாளராகவோ கல்லூரி ஆசிரியராகவோ காலூன்றி நின்று, அந்நிலையிலிருந்து உணர்த்தும் பணியை ஆற்றுவதே குடும்பத்திற்கும் பாதுகாப்பு, கலைக்கும் பாதுகாப்பு.

அவ்வாறு நின்றவருக்கு நல்ல உதாரணம் ஜயந்த் நார்லிகர். 1938-இல் பிறந்து 2025-இல் மறைந்த அப்பெரியார், புனே மையத்தை உருவாக்கிய இயக்குநர். பேரண்டத்தின் தோற்றத்தைப் பற்றி ஆராய்ந்தவர். அவரே தம் தாய்மொழியாகிய மராத்தியில் விஞ்ஞானக் கதைகளும் கட்டுரைகளும் எழுதினார். அறிவியலைப் பரப்பியமைக்காக 1996-இல் யுனெஸ்கோவின் கலிங்கப் பரிசைப் பெற்றார். அவருடைய ஆசிரியர் பிரெட் ஹாயிலும் அத்தகையவரே. 1949-இல் இலண்டன் வானொலியில் பொதுமக்களுக்குப் பேசும்போது, தாம் ஒப்புக்கொள்ளாத ஒரு கொள்கையை விளக்க ஹாயில் கூறிய சொல்தான் ‘பெருவெடிப்பு’. இன்று உலகத்து வானநூலார் அனைவரும் அச்சொல்லையே ஆளுகின்றனர். மக்களிடம் பேசப் புகுந்தவர் வாயிலிருந்தே விஞ்ஞானத்திற்கு ஒரு பெயர் கிடைத்தது. கொடுப்பது ஒருபுறம் மட்டும் என்று எண்ணற்க.

இனி, நம் பிள்ளைகட்கே உரிய ஒரு செல்வத்தைக் குறிப்பிட வேண்டும். தமிழ்வழிப் பள்ளியில் படித்துவிட்டு மலையாளமும் ஆங்கிலமும் வழங்கும் கல்லூரிக்குள் புகும் நம் பிள்ளை, முதலாண்டில் வாய்மூடி அமர்ந்திருப்பதைக் கண்டிருக்கின்றோம். அதனைக் குறை என்றே கருதி நாணுகின்றோம். எடுத்துரைக்கும் கலைக்கோ அதுவே முதல். ஒரு கருத்தை ஒரு மொழியிற் கேட்டு, மற்றொரு மொழியிற் சிந்தித்து, மூன்றாவது மொழியில் விடையிறுக்கப் பழகியவன், சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள இடைவெளியை நன்கறிவான். 1962-இல் கோழிக்கோட்டில் தோன்றிய கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்து மலையாளத்தில் விஞ்ஞானத்தை ஊர்தோறும் கொண்டுசென்றது. 1980-இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ‘துளிர்’ என்னும் சிறுவர் இதழைத் தமிழில் நடத்திவருகின்றது. இவ்விரு வீட்டிலும் உரிமையோடு நுழையக்கூடியவர் எல்லையோரத்துப் பிள்ளைகளாகிய நம்மவரே. வழக்கறிஞராக இருந்துகொண்டே வாழ்நாளெல்லாம் தமிழில் விஞ்ஞானம் எழுதிய பெ. நா. அப்புசாமி போன்றோர் இட்ட பாதையில், வானநூலையே தொழிலாகக் கொண்ட ஒருத்தி நடந்து வருவாளாயின் தமிழுக்கு எத்துணைப் பேறு!

ஆகவே, அன்பருக்கு நாம் சொல்வது இது. மகளைத் தடுக்க வேண்டா. முதலிலே தேர்வெழுதி வானநூல் ஆராய்ச்சியில் இடம் பெறட்டும். இடம் கிடைக்காவிடின் கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு இருக்கவே இருக்கின்றது. அதே ‘நெட்’ தேர்வு இரண்டுக்கும் வாயில். உணர்த்தும் பயிற்சிக்குப் பட்டம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டா. திங்கள்தோறும் தான் படித்ததில் ஒன்றைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, அப்பத்தாளுக்குப் படித்துக் காட்டட்டும். அவர் கேட்கும் கேள்வியைக் கீழே குறித்து வைக்கட்டும். அக்குறிப்பேட்டைவிடச் சிறந்த பாடநூல் அக்கலைக்கு இல்லை. எழுதும் பக்கங்களை இவ்விதழ் மகிழ்வோடு வெளியிடும்.

நம் சங்கத்திற்கும் ஒரு கடமை உண்டு. 2031-ஆம் ஆண்டு மே 21-ஆம் நாள் மற்றொரு கங்கண கிரகணம் நம் நாட்டின் தென்பகுதி வழியே செல்லவிருக்கின்றது. இடுக்கி மலைப்பகுதியும் தேனியும் மதுரையும் அதன் பாதையில் உள்ளன. மலைமேல் தேயிலை பறிக்கும் நம் சகோதரிகளின் தலைக்கு மேலேயே அந்தப் பொன்வளையம் தோன்றும். அன்றும் கதவுகளை அடைத்துக்கொண்டு உள்ளே இருப்பதா, தக்க கண்ணாடியோடு முற்றத்தில் நிற்பதா என்பது, இடைப்பட்ட ஆண்டுகளில் நம் பிள்ளைகளை நாம் எவ்வாறு உருவாக்குகின்றோம் என்பதைப் பொறுத்தது. அமாவாசையையொட்டிய ஒரு மாலைப்பொழுதில், திங்களுக்கொரு முறை சங்கத்து மாடியில் கூடி விண்மீன் காண்பது என்று தொடங்கினால் செலவு ஒன்றும் இல்லை. விளக்கை அணைத்தால் போதும். வானம் தானே வரும்.

விடைபெற்று எழுந்தபோது, அதுவரை வாய்திறவாதிருந்த அப்பத்தாள் பேத்தியை அழைத்து, “அன்றைக்கு நான் கேட்டதற்கு இன்னும் நீ பதில் சொல்லவில்லையே?” என்றார். பெண் நகைத்தாள். பிறகு திண்ணையிலே அவர் பக்கத்தில் அமர்ந்து, கூசும் கண்ணையும் கூசாத கண்ணையும் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். முதியவர் இரண்டிடங்களில் இடைமறித்து வினவினார். அவள் சலிக்காமல் விடையிறுத்தாள். “இதை அன்றே சொல்லியிருந்தால் வெளியே வந்திருப்பேனே!” என்றார் அவர். தந்தையார் தூணருகில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் கடிதத்திற்கு உரிய விடை அத்திண்ணையிலேயே கிடைத்துவிட்டது. நாம் எழுதியது அதன் படியே.

நம் பிள்ளைகள் காண்க, கணிக்க, கண்டதைத் தம் மக்களுக்குத் தம் மொழியில் உணர்த்துக!